அத்தியாயம் 7: நடத்தும் பாடத்துக்குள்ளேயே கடல்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் ‘நீர்க்கோளம்’ பாடத்தைப் புரட்டினால் கடல் இருக்கிறது: பெருங்கடல்களின் பெயர்கள், பரப்பு, அகழிகள், நீரோட்டங்களின் பட்டியல். அதே வகுப்பின் அறிவியலில் பாய்மங்கள் உண்டு, ஒலி உண்டு, அமிலமும் காரமும் உண்டு. அங்கே கடல் ஓரிரு வரிகளில் வந்து போகிறது. விளைவு என்ன? கடலை மாணவர்கள் பெயர்களாகப் படிக்கிறார்கள். அறிவியலைக் கடலோடு தொடர்பில்லாத ஒன்றாகப் படிக்கிறார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உள்ள மாநிலத்துக்கு இது பெரிய இழப்பு.

கடலுக்கென்று தனிப் பாடவேளை தேடாதீர்கள், புதிய பாடத்திட்டம் வரட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். அடர்த்தி நடத்தும்போது கடலைக் கொண்டுவாருங்கள். மடக்கை நடத்தும்போதும் அலைகள் நடத்தும்போதும் அப்படியே. புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டுக்குப் பதிலாகக் கடலை வைத்தால் போதும், கூடுதல் நேரம் அதிகம் ஆகாது. கீழே உள்ளவை எல்லாம் சாதாரண அரசுப் பள்ளி ஆய்வகத்தில், பெரும்பாலும் சமையலறைப் பொருள்களை வைத்துச் செய்யக்கூடியவை.

அடர்த்தி: இரண்டு டம்ளர், இரண்டு ஐஸ் கட்டி

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒரே அளவான இரண்டு கண்ணாடி டம்ளர்களில் அறை வெப்பநிலையில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் இரண்டு மூன்று தேக்கரண்டி உப்பைப் போட்டுத் தெளியும்வரை கலக்குங்கள். இரண்டிலும் ஒரே அளவான, உணவு நிறமி கலந்து உறைய வைத்த ஐஸ் கட்டிகளை ஒரே நேரத்தில் மெதுவாக இறக்குங்கள். அதற்கு முன்பு எந்த டம்ளரில் ஐஸ் முதலில் கரையும் என்று வகுப்பைக் கேளுங்கள். எல்லோரும் கை தூக்க வேண்டும், காரணத்தையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தால் சோதனையில் பாதிப் பயன் போய்விடும்.

பெரும்பாலானோர் உப்புத் தண்ணீர் என்பார்கள். உப்புப் போட்டால் ஐஸ் சீக்கிரம் உருகும் என்று எங்கோ கேட்டிருப்பார்கள். நடப்பது நேர்மாறானது. நல்ல தண்ணீரில் உள்ள ஐஸ்தான் முதலில் கரைகிறது. நிறமி அதற்கான காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். நல்ல தண்ணீரில் உருகிய குளிர்ந்த நீர் நிறமான கோடுகளாகக் கீழே இறங்கும், அதன் இடத்துக்குச் சூடான நீர் வந்து ஐஸைத் தொடும். உப்புத் தண்ணீரில் உருகிய நீர் இறங்காமல் மேலேயே ஒரு நிறப் படலமாகத் தங்கிவிடும். ஐஸ் தன் உருகிய நீரிலேயே மிதந்துகொண்டு நிற்கும்.

இப்போது எண்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். நல்ல தண்ணீரின் அடர்த்தி 4 டிகிரியில் கன சென்டிமீட்டருக்கு 1.000 கிராம், 30 டிகிரியில் சுமார் 0.996. வேறுபாடு அரை சதவீதம்கூட இல்லை. கடல்நீருக்கோ சுமார் 1.025. உப்பினால் வரும் வேறுபாடு, குளிரால் வருவதைவிடப் பல மடங்கு பெரியது. அதனால்தான் குளிர்ந்த நன்னீர், சூடான உப்புநீரின் மேல் மிதக்கிறது.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். வங்காள விரிகுடாவின் வரைபடத்தை மாட்டுங்கள். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் அந்த ஒரே விரிகுடாவில் வந்து சேர்கின்றன. பருவமழையும் அதன்மேல் கொட்டுகிறது. உலகக் கடல்களின் சராசரி உப்புத்தன்மை கிலோவுக்கு 35 கிராம். மழைக்காலத்தை ஒட்டி வடக்கு வங்கக் கடலின் மேற்பரப்பில் அது 30-க்கும் கீழே போகிறது. அதாவது வங்கக் கடலின் மேல் ஒரு நன்னீர்ப் படலம் கிடக்கிறது, டம்ளரில் பார்த்த அதே நிறப் படலம். அரபிக் கடலில் பெரிய ஆறுகள் குறைவு, ஆவியாதல் அதிகம். அங்கே மேல்நீரே உப்பு மிகுந்தது.

அடுத்த கேள்வி: இந்தப் படலத்தால் என்ன நடக்கும்? இதற்கு இரண்டாவது சோதனை இருக்கிறது. இரண்டு கண்ணாடித் தொட்டிகள் எடுங்கள். முதல் தொட்டியில் உப்புநீர் மட்டும். அதே உப்பளவுள்ள நீரில் நீல மை கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஒரு நீண்ட குழாயைச் செருகி அடியில் மெதுவாகச் செலுத்துங்கள். இரண்டாவது தொட்டியிலும் அதையே செய்து, அதன்மேல் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, கரண்டியின் முதுகில் வழியவிட்டு நல்ல தண்ணீரை ஒரு மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். இரண்டின் மேலும் மேசை விசிறியை ஒரே வேகத்தில் வீசவிடுங்கள். முதல் தொட்டியில் நீலம் விரைவில் மேலே ஏறிக் கலந்துவிடும். இரண்டாவதில் காற்று மேலடுக்கை மட்டும் உலுக்கும், நீலம் அடியிலேயே கிடக்கும்.

புயல் வீசும்போது வழக்கமாக அடியிலிருந்து குளிர்ந்த நீர் கலங்கி மேலே வரும். அது புயலுக்குக் கிடைக்கும் வெப்பத்தைக் குறைக்கும். வங்கக் கடலில் நன்னீர்ப் படலம் இந்தக் கலக்கத்தைத் தடுக்கிறது, மேல்நீர் சூடாகவே இருக்கிறது. நீண்ட காலக் கணக்கில் அரபிக் கடலைவிட வங்கக் கடலில் புயல்கள் ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம். இதற்கு இது ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல. அதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். பசிபிக் பக்கமிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகளின் எச்சங்களும் வங்கக் கடலில் புயலாக வளர்கின்றன. இதே கலக்கக் குறைவுதான், அடியில் உள்ள சத்துகள் மேலே வராமல் தடுத்து, அரபிக் கடலைவிட வங்கக் கடலில் மிதவை உயிரிகளின் விளைச்சலைக் குறைக்கிறது. ஒரு டம்ளர் ஐஸிலிருந்து புயலுக்கும் மீனுக்கும் இரண்டு பாடவேளைகளில் போய்விடலாம்.

உப்பு: ஆவியாக்கிப் பார்ப்பது

பீங்கான் கிண்ணத்தில் 100 மில்லிலிட்டர் கடல்நீரைக் கொதிக்க வைத்து வற்றவிட்டால் சுமார் மூன்றரை கிராம் மிஞ்ச வேண்டும். மாணவர்கள் நிறுத்தால் பெரும்பாலும் அதிகமாகவே வரும். மிஞ்சியதில் மெக்னீசியம் குளோரைடு இருக்கிறது, அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எடை ஏன் கூடுகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். சரியான விடை வந்த குழுவைவிட, தவறான எடைக்குச் சரியான காரணம் சொன்ன குழுவுக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பக்கத்துப் பள்ளிகள் உப்பளத்துக்கே போய்விடலாம். அங்கே நடப்பது பின்னப் படிகமாக்கல், ஏக்கர் கணக்கில். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி போமேயில் (அடர்த்தியைக் குறிக்கும் அளவு) உள்ளே வருகிறது. வெயிலில் வற்ற வற்ற முதலில் கால்சியம் கார்பனேட், பிறகு ஜிப்சம் படிகின்றன. 25 டிகிரியை ஒட்டிச் சமையல் உப்பு படியத் தொடங்குகிறது. 30 டிகிரிக்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து உப்பு கசந்துவிடும். அளத்தில் வேலை செய்பவர்கள் நீர்மானியை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பதை மாணவர்கள் நேரில் காண வேண்டும். மிதப்பு விதியைப் புத்தகத்தில் படித்தவர்கள், அதை வைத்து ஒருவர் பிழைப்பு நடத்துவதைப் பார்க்கும்போது விதியின் மேல் வேறு மரியாதை வரும். வெயிலில் உப்பு வாரும் வேலை எவ்வளவு கடினம் என்பதும் தெரியும்.

அலையும் ஆழமும்: ஆழிப்பேரலைக் கணக்கு

இந்தப் பாடத்தைக் கவனத்தோடு தொடங்குங்கள். இன்றைய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரிக் கரைகளில் அவர்களுடைய பெற்றோரோ தாத்தா பாட்டியோ அன்று யாரையாவது இழந்திருக்கக்கூடும். வகுப்பில் படங்களைக் காட்டுவதற்கு முந்தைய நாளே என்ன நடத்தப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். உடல்களும் அழுகையும் உள்ள காணொளிகள் வேண்டாம். இந்தப் பாடத்துக்கு அவை தேவையே இல்லை.

சோதனைக்கு நீளமான ஒரு பிளாஸ்டிக் டிரே போதும், 60 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. 2 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை லேசாகத் தூக்கிக் கீழே விடுங்கள். அலை டிரேயின் இரு முனைகளுக்கும் இடையே போய்வரும். நான்கு முறை கடக்க ஆகும் நேரத்தைக் கைபேசியில் அளக்கச் சொல்லுங்கள். பிறகு ஆழத்தை 4 சென்டிமீட்டராக்கி மறுபடி அளக்கட்டும். ஆழம் கூடினால் அலை விரைந்து போவதை அவர்கள் எண்களிலேயே பார்ப்பார்கள். அலைநீளத்தோடு ஒப்பிட ஆழம் மிகக் குறைவாக இருக்கும்போது வேகம் ஆழத்தை மட்டுமே சார்ந்தது: புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 2 சென்டிமீட்டருக்கு நொடிக்கு சுமார் 0.44 மீட்டர், 4 சென்டிமீட்டருக்கு 0.63. அளந்ததும் கணக்கிட்டதும் எவ்வளவு நெருங்குகின்றன என்று பார்க்கட்டும்.

அடுத்து அதே சூத்திரத்தில் 4,000 மீட்டரைப் போடுங்கள். நொடிக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். ஆழிப்பேரலையின் நீளம் நூறு கிலோமீட்டர்களுக்கு மேல் போகும் என்பதால், அதற்கு நாலு கிலோமீட்டர் ஆழமும் ஆழமற்ற கடல்தான். மாணவர்கள் தடுமாறும் இடம் இது, இங்கே நின்று நிதானமாக விளக்குங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலநடுக்கம் நிகழ்ந்தபோது இந்திய நேரம் காலை 6:28. சென்னையை அலை எட்டியது ஏறத்தாழ 9 மணிக்கு. இடைப்பட்ட இரண்டரை மணி நேரத்தில் அலை எவ்வளவு தொலைவு வந்திருக்கும், அதற்குக் கடல் எவ்வளவு ஆழமாக இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடச் சொல்லுங்கள். பிளவு ஒரு புள்ளியில் அல்ல, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அந்தமான் வரை நீண்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால் விடைகள் ஏன் சற்று மாறுபடுகின்றன என்பது புரியும்.

நடுக்கடலில் இருந்தவர்கள் ஏன் எதையும் உணரவில்லை என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். ஜேசன்-1 செயற்கைக்கோள் அன்று திறந்த கடலில் அளந்த உயரம் அரை மீட்டரை ஒட்டியதுதான். கரையை நெருங்கும்போது ஆழம் குறைகிறது, வேகம் குறைகிறது, பின்னால் வரும் நீர் முன்னால் உள்ளதை நெருக்குகிறது, உயரம் ஏறுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டருக்குச் சுருங்கிவிடும். ஆனாலும் யாராலும் அதை முந்தி ஓட முடியாது.

இதில் உயிர் காக்கும் ஒரு திருத்தம் உண்டு. ‘கடல் உள்வாங்கினால் ஓடு’ என்று எல்லோரும் சொல்லித் தருகிறோம். அது சரிதான், ஆனால் முழுமையானது அல்ல. 2004-இல் பிளவுக்குக் கிழக்கே, தாய்லாந்துப் பக்கம், கடல் முதலில் உள்வாங்கியது. பூக்கெட் தீவின் மாய் காவ் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி, இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் படித்ததை நினைவில் வைத்து எச்சரித்ததால் அங்கிருந்த சுமார் நூறு பேர் தப்பினார்கள். பிளவுக்கு மேற்கே, இந்தியாவும் இலங்கையும் இருக்கும் பக்கம், அலை முதலில் ஏற்றமாகவே கிளம்பியது. நம் கரையில் உள்வாங்கலுக்காகக் காத்து நிற்கக் கூடாது. கரையில் வலுவான நில அதிர்வை உணர்ந்தாலோ, அதிகாரப்பூர்வ எச்சரிக்கை வந்தாலோ உடனே மேட்டுக்குப் போக வேண்டும். முதல் அலை போனதும் திரும்பி வரவும் கூடாது. 2007 முதல் ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் ஆழிப்பேரலை எச்சரிக்கை தருகிறது. அதன் அறிவிப்புகளைப் படிப்பது எப்படி என்பதற்கும் ஒரு கால்மணி நேரம் ஒதுக்குங்கள்.

அமிலம்: ஊதிப் பார்ப்பது

பன்னிரண்டாம் வகுப்பு அயனிச் சமநிலைக்கும், அதற்கு முன்பே ஒன்பதாம் வகுப்பு அமில கார பாடத்துக்கும் இது பொருந்தும். ஒரு குடுவையில் காய்ச்சி வடித்த நீர் அல்லது மழைநீர், இன்னொன்றில் கடல்நீர். இரண்டிலும் சில துளி புரோமோதைமால் நீலம். உறிஞ்சுகுழல் வழியாக இரண்டிலும் சீராக ஊத வேண்டும். ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். முதல் குடுவை சட்டென்று மஞ்சளாகிவிடும். கடல்நீர் நீலத்திலிருந்து பச்சைக்கு மெதுவாக நகரும். கிணற்று நீரைப் பயன்படுத்தாதீர்கள். நம் ஊர்க் கடின நீரிலும் பைகார்பனேட் நிறைய இருப்பதால் வேறுபாடு தெளிவாகத் தெரியாது.

கடல்நீர் தாக்குப்பிடிப்பதைத் தாங்கல் கரைசலாக விளக்குங்கள். உடனே அடுத்த உண்மையையும் வையுங்கள்: அவ்வளவு தாங்கும் கடலின் பி.எச். மதிப்பே தொழிற்புரட்சிக்குப் பிறகு சுமார் 8.2-இலிருந்து 8.1-ஆக இறங்கியிருக்கிறது. நாம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. 0.1 குறைவு என்றதும் வகுப்பு அலட்சியமாகப் பார்க்கும். 10-இன் 0.1 அடுக்கைக் கணக்கிடச் சொல்லுங்கள். 1.26 வரும். ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டன. மடக்கை அளவுகோல் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

‘கடல் அமிலமாகிவிட்டது’ என்று மாணவர்கள் எழுதினால் திருத்துங்கள். 8.1 இன்னும் காரத்தன்மைதான், அமிலத்தை நோக்கி நகர்கிறது. ஓடு கட்டும் உயிர்களுக்கு அந்த நகர்வே சுமை. கார்பனேட் அயனிகள் குறைவதால் பவளமும் சிப்பியும் தங்கள் சுண்ணாம்பைக் கட்டக் கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கிறது. மன்னார் வளைகுடாப் பவளங்கள் 1998, 2010, 2016 ஆண்டுகளில் வெளிறியது வேறு காரணத்தால், நீர் சூடானதால். இரண்டையும் ஒன்றாகக் குழப்ப விடாதீர்கள்.

மீன் சந்தையிலிருந்து ஓர் உணவுச் சங்கிலி

மீன்கடையில் ஒரு கானாங்கெளுத்தியும் ஒரு வஞ்சிரத் தலையும் வாங்கி வாருங்கள். வஞ்சிரத்தின் தலையை மட்டும் கேட்டால் விலை குறைவு. செவுள் மூடியைத் தூக்கி உள்வளைவைப் பார்க்கச் சொல்லுங்கள். கானாங்கெளுத்தியில் நீண்ட, இறகு போன்ற செவுள் முட்கள் நெருக்கமாக நிற்கும். நீரிலுள்ள மிதவை உயிரிகளை அவைதான் வடிகட்டுகின்றன. வஞ்சிரத்தில் அவை குட்டையாக, மிகச் சிலவே இருக்கும், அதற்குப் பதிலாகக் கத்தி போன்ற பற்கள். எது எதைத் தின்னும், எது எந்தப் படியில் இருக்கும் என்று யாரும் சொல்லித்தராமலே எழுதிவிடுவார்கள். அம்புக்குறி போட்ட படத்தை அதன் பிறகு புத்தகத்தில் காட்டுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது சந்தையில் எந்த மீன்கள் குறைகின்றன, விலை எப்படி ஏறுகிறது என்பதை விடுமுறைப் பணியாகக் கொடுக்கலாம்.

கரைக்கு அழைத்துப் போகும்போது

ஓத நேரத்தைப் பார்க்காமல் நாள் குறிக்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும். வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே கரையில் இருந்தால் நல்லது. நாளுக்கு நாள் ஓதம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சென்னையில் ஏற்ற இறக்க வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டியது, குஜராத்தின் பவநகரில் சுமார் பத்து மீட்டர். அங்குள்ள வளைகுடாவின் புனல் வடிவம் இதற்கு முக்கியமான காரணம். பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு நல்ல கணக்கு: பூமியின் மேல் சூரியனின் ஈர்ப்பு விசை நிலவினுடையதைப் போல் சுமார் 178 மடங்கு. ஆனால் ஓதத்தில் நிலவின் பங்குதான் இரு மடங்குக்கு மேல். நிறையைத் தொலைவின் வர்க்கத்தால் வகுத்து ஒரு முறை, கனத்தால் வகுத்து ஒரு முறை கணக்கிட்டால் புதிர் அவிழும்.

யாரும் நீரில் இறங்கக் கூடாது, கணுக்கால் அளவுக்குக்கூட. இதில் விதிவிலக்கு வேண்டாம். மணலில் கயிற்றால் ஒரு மீட்டர் சதுரம் கட்டி நண்டு வளைகளை எண்ணுங்கள், நீர்க்கோட்டின் அருகே ஒன்று, மேலே ஒன்று, இன்னும் மேலே ஒன்று. துறைமுகச் சுவரோ தூண்டில் வளைவோ பக்கத்தில் இருந்தால் அதன் இரு பக்கமும் மணலின் அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வடக்கு நோக்கி நகர்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. அலை சாய்வாக வந்து நேராகத் திரும்புவதைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தால் காரணம் பிடிபடும்.

எதையும் எடுத்து வராதீர்கள். பவளம், கடற்குதிரை, கடலட்டை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பழைய ஆய்வகங்களில் பவளத் துண்டுகள் கண்ணாடி அலமாரியில் இருக்கும். இருப்பதைக் கொண்டு நடத்துங்கள், புதிதாகச் சேர்க்க வேண்டாம். காலிச் சங்கு போல் கிடப்பதில் துறவி நண்டு குடியிருக்கலாம். சொறிமீன் கரையொதுங்கி இறந்து கிடந்தாலும் கொட்டும்.

கடலை அறிந்த வீட்டுப் பிள்ளைகள்

கடலோரப் பள்ளியில் உங்கள் வகுப்பிலேயே கடலை உங்களைவிட நன்றாக அறிந்த பிள்ளைகள் இருப்பார்கள். பல நேரம் அவர்கள் பின்வரிசையில் பேசாமல் இருப்பார்கள். ‘மீன் வாடை’ என்று சக மாணவர் சொன்ன ஒரு சொல் அவர்களை வாயடைக்க வைத்திருக்கும். அந்தச் சொல் வகுப்பில் எழுந்தால் அங்கேயே, அப்போதே கண்டியுங்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பிரித்தறியும் பிள்ளையிடம், அந்தக் காற்றுகளைத் திசைகாட்டிப் படத்தில் குறிக்கச் சொல்லுங்கள். சொற்களும் திசைகளும் ஊருக்கு ஊர் சற்று மாறும், அதையும் பதிவு செய்யுங்கள்.

கடலுக்குப் போகும் பெற்றோர் ஒருவரை வகுப்புக்கு அழைப்பதாக இருந்தால், அவர் கரையில் இருக்கும் நாளையும் நேரத்தையும் முதலில் கேளுங்கள். அவருக்கு ஆசிரியருக்குரிய மரியாதை தர வேண்டும், உட்கார நாற்காலி தர வேண்டும். ‘கடலைப் பற்றிச் சொல்லுங்க’ என்று பொதுவாகக் கேட்டால் அவருக்கும் சங்கடம். ‘ஐயா, இந்த மாசம் நீரோட்டம் வடக்க போகுதா தெக்க போகுதா, எத வெச்சுக் கண்டுபிடிக்கிறீங்க?’ என்று ஒரு மாணவி கேட்கட்டும். நம் கரையோர நீரோட்டம் பிப்ரவரி, மார்ச்சில் வடக்கு நோக்கியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கியும் ஓடுகிறது என்று கடலியல் சொல்கிறது. அவர் சொல்லும் மாதங்களோடு ஒப்பிடுங்கள். மீன் இருக்கும் இடத்தை நீரின் நிறத்தையும் பறவைகளையும் வைத்து அவர் அறிவார். ஐதராபாத் மையம் செயற்கைக்கோள் காட்டும் மேல்நீர் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன்வளப் பகுதிகளை அறிவிக்கிறது. இரண்டும் ஒரே மிதவை உயிரிகளைத் தேடும் இரண்டு வழிகள் என்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.

சேலத்திலோ ஈரோட்டிலோ இருப்பவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்னவற்றில் கரைப் பயணத்தையும் உப்பளப் பயணத்தையும் தவிர எல்லாமே வகுப்பறையில் நடப்பவை. அரியலூர், பெரம்பலூர் பக்கத்துப் பள்ளிகளுக்கோ கடலே காலடியில் இருக்கிறது. காரை பகுதியில் கிடைக்கும் அம்மோனைட்டுகள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த கடலில் வாழ்ந்தவை. அரியலூர் சிமென்ட் ஆலைகள் வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழங்கடல் விட்டுச் சென்றதுதான். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் உண்டு.

திருத்த வேண்டிய இரண்டு வாக்கியங்கள்

‘நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பாதி கடலிலிருந்து வருகிறது’ என்று சுவரொட்டிகளில் எழுதுகிறோம். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி கடலில் நடக்கிறது என்பது உண்மை. ஆனால் அங்கே உண்டாகும் ஆக்சிஜனில் மிகப் பெரும் பங்கைக் கடல் உயிர்களே சுவாசத்திலும் சிதைவிலும் செலவழித்துவிடுகின்றன. கடலைக் காக்க வேண்டும் என்று சொல்ல மிகைப்படுத்திய காரணம் தேவையில்லை.

‘வானத்தின் பிரதிபலிப்பால் கடல் நீலம்’ என்பது இரண்டாவது. 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது சி.வி. ராமன் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து இந்த விளக்கத்தைச் சந்தேகித்தார். நிக்கோல் பட்டகத்தின் வழியே பார்த்து மேற்பரப்புப் பிரதிபலிப்பை நீக்கினார். நீலம் போகவில்லை, இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார். நீர் சிவப்பு ஒளியை உட்கவர்வதும் இந்த நிறத்துக்குப் பெரும் காரணம் என்பது இன்றைய புரிதல். போலராய்டு கண்ணாடி ஒன்று இருந்தால் ஏரிக்கரையிலேயே பிரதிபலிப்பு மறைவதைக் காட்டலாம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளுக்குப் பேச்சுப் போட்டியோடு இதையும் வையுங்கள்.

எப்போது எதை

ஜூனில் தடைக்காலம் முடிந்ததும் மீன் பாடம். அக்டோபரில் காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும், வடகிழக்குப் பருவமழைக்கும் புயல்களுக்கும் முன்பாக, ஐஸ் சோதனையும் விசிறிச் சோதனையும். அப்போதுதான் நவம்பரில் புயல் செய்தி வரும்போது மாணவர்கள் வரைபடத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். கரைப் பயணத்தை ஜனவரி, பிப்ரவரியில் வையுங்கள். மழை ஓய்ந்திருக்கும், பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலமும் அதுவே. கடல்நீரை இரண்டு முறை எடுக்க வேண்டும்: மழை முடிந்த டிசம்பர் கடைசியில் ஒன்று, கோடை தொடங்கும் ஏப்ரல் முதல் வாரத்தில் ஒன்று. சுத்தமான ஐந்து லிட்டர் கேனை அதே கடல்நீரில் இருமுறை அலசி, விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, தேதியும் இடமும் எழுதி நிழலில் வையுங்கள். ஆவியாக்கல் சோதனைக்கு அது கெடாது. ஊதிப் பார்க்கும் சோதனைக்கு மட்டும் முந்தைய நாள் எடுத்த நீர் வேண்டும்.